பழைய காரும் புதிய ஓசையும்



கார் வைத்திருப்பது செல்வரின் அடையாளம் என்று எண்ணப்பட்ட காலம் மலையேறிவிட்டது. இன்று நம் பங்குகளில் ஆசிரியர், செவிலியர், கடைக்காரர், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர் எனப் பலரும் பிறர் ஓட்டிய காரை விலைக்கு வாங்கி, அதை மந்திரிக்கக் கோவில் வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். தீர்த்தம் தெளித்து வண்டியைச் சுற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்தால், பெரும்பாலும் கண்ணில் படுபவை இரண்டு. ஒன்று, கண்ணாடியில் தொங்கும் செபமாலை. மற்றொன்று, பல் விழுந்த வாய்போல் பொத்தான்கள் உதிர்ந்து நிற்கும் பழைய ஸ்டீரியோ. "இதை மட்டும் மாற்றிவிட்டால் வண்டி புதிது மாதிரி ஆகிவிடும், ஃபாதர்" என்பார் உரிமையாளர். மாற்றலாமா, எதை மாற்றுவது, எவ்வளவு செலவழிப்பது என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.

திருச்சபைப் பத்திரிகையில் கார் ஸ்டீரியோவா என்று முகம் சுளிப்போர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஒரு குடும்பம் முழுவதும் ஒன்றாய் அமர்ந்து ஒரே ஓசையைக் கேட்கும் இடம் இன்று வீட்டில் அரிதாகிவிட்டது. கூடத்தில் ஆளுக்கொரு கைப்பேசி, காதுக்கொரு கருவி. வேளாங்கண்ணிக்கோ, உறவினர் திருமணத்திற்கோ போகும் அந்த நாலைந்து மணி நேரந்தான் தாத்தாவும் பேத்தியும் ஒரே பாட்டைக் கேட்கும் வேளை. ஆதலால் அந்தப் பெட்டியைப்பற்றி எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. குருமடத்தில் பயின்ற ஆண்டுகளில் சிற்றாலயத்து ஒலிபெருக்கியைப் பராமரிக்கும் வேலை என்னிடம் இருந்தபடியால், கம்பியும் ஈயப்பற்றும் எனக்கு அந்நியமும் அல்ல.

காரில் ஓசையை ஏற்றும் ஆசை நெடுநாளையது. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930-ஆம் ஆண்டு ஒரு ஸ்டூடிபேக்கர் காரில் வானொலிப் பெட்டியைப் பொருத்தி வணிகர்களுக்கு ஒலித்துக் காட்டினர். 'மோட்டரோலா' என்ற பெயர் அந்தக் கார் வானொலிக்கு வைத்த பெயரே. ஓட்டுநரின் கவனம் சிதறும், இதைத் தடைசெய்ய வேண்டும் என்று அப்போதே சில ஊர்களில் குரல் எழுந்ததுண்டு. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கையடக்கமான கேசட்டை வெளியிட்டது. சில ஆண்டுகளுக்குள் அது காருக்குள்ளும் புகுந்தது. 1984-இல் பயனியர் நிறுவனம் காருக்கென்றே குறுந்தகட்டுக் கருவியைக் கொண்டுவந்தது. பின்னர் பென் டிரைவ், அதன்பின் கம்பியே வேண்டாத ப்ளூடூத். பாட்டு வந்து சேரும் வழிதான் இத்தனை முறை மாறியது. கடைசியில் ஓசையை உண்டாக்குவது இன்றும் கதவுக்குள் மறைந்திருக்கும் ஒரு காகிதக் கூம்பும், அதன் பின்னே ஒரு காந்தமும், ஒரு கம்பிச் சுருளுமேயாகும். இதை மறந்துவிடுவதால்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

பழைய காரில் ஓசை கெட்டுவிட்டது என்றால், பெரும்பாலும் முதலில் கெட்டிருப்பது அந்தக் கூம்புதான். கூம்பையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கும் வளையம் பல ஸ்பீக்கர்களில் நுரைப்பஞ்சால் ஆனது. நம் நாட்டு வெயிலில் அடைத்து நிறுத்திய வண்டிக்குள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வெந்தபின் அது கைபட்டதும் அப்பளம்போல் பொடியாகிவிடும். மழைக்காலத்துக் கதவு ஈரம் காகிதத்தையும் ஊறவைக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிவது டேஷ்போர்டில் உள்ள பெட்டி. ஆகவே மக்கள் பெட்டியை மாற்றுகிறார்கள். பத்தங்குலத் தொடுதிரை வந்து அமர்கிறது, அதற்குள்ளிருந்து புறப்படும் பாட்டு பழைய கிழிந்த கூம்பின் வழியாகவே கரகரக்கிறது. ஓட்டைக் குடத்திற்குப் புதுக் கயிறு வாங்கிக் கட்டுவது இப்படித்தான்.

நோய் எங்கே என்று காணக் காசு வேண்டியதில்லை. மாலையில் அமைதியான இடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை ஒரு திருப்பு மட்டும் திருப்பி வானொலியை வையுங்கள். பாட்டு வேண்டாம், செய்தி வாசிப்பவரின் குரலைப் பிடியுங்கள். இடம் வலம் மாற்றும் 'பேலன்ஸ்', முன் பின் மாற்றும் 'ஃபேடர்' என்ற இரு அமைப்புகளும் ஏறத்தாழ எல்லாச் செட்டிலும் உண்டு. அவற்றால் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியே பேசவைத்துக் கேளுங்கள். ஒன்று தொண்டை கட்டியதுபோல் பேசும், ஒன்று நடுங்கும், ஒன்று ஊமையாயிருக்கும். நடுக்கம் கதவுப் பலகையின் கிளிப் உடைந்ததாலும் வரலாம், கதவுப் பையில் கிடக்கும் சில்லறைக் காசாலும் வரலாம். பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை மெல்ல மிதியுங்கள். அதற்கேற்ப ஏறி இறங்கும் ஒரு சீழ்க்கை ஒலி கேட்டால் குற்றம் ஸ்பீக்கரில் இல்லை. ஆல்டர்னேட்டரின் மின்னோசை எர்த் சரியில்லாத கம்பி வழியாக உள்ளே வருகிறது. இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம் போதும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு குடும்பத்துத் தகராறு. தந்தை நூற்பாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். மகன் தனியார் நிறுவனத்தில் பணிபுரிபவர், நல்ல பிள்ளை. தந்தையை மருத்துவமனைக்கும் கோவிலுக்கும் அழைத்துச் செல்ல 2004-ஆம் ஆண்டுக் கார் ஒன்றை வாங்கினார். கம்பெனியிலிருந்தே வந்த கேசட் ஸ்டீரியோ அதில் இருந்தது. "ஒன்றும் விளங்கமாட்டேன் என்கிறது" என்று தந்தை ஓயாமல் குறைகூற, மகன் கார் அலங்காரக் கடைக்குப் போய் மதிப்புக் கேட்டார். தொடுதிரை, நான்கு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் வைக்கும் சப்வூஃபர் பெட்டி, எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய். தந்தையோ, "பழைய செட்டில் எவனும் கைவைக்கக் கூடாது" என்று ஒரே பிடிவாதம். "அப்பாவுக்காகத்தான் செய்கிறேன், அவரே தடுக்கிறார், நீங்கள் கொஞ்சம் சொல்லுங்கள், ஃபாதர்" என்று மகன் என்னிடம் வந்தார்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மகன் வாங்க எண்ணிய பொருள்தான் பொருந்தவில்லை. ஆலை இரைச்சலில் பல்லாண்டு உழைத்தவர்களின் காது ஒரே சீராய் மங்குவதில்லை. உயர்ந்த அதிர்வுகளை, சிறப்பாக நொடிக்கு 4,000 அதிர்வுக்கு அண்மையில் உள்ளவற்றை, அது முதலில் இழக்கிறது. முதுமையும் அந்தப் பக்கத்தையே அரிக்கிறது. தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இதை எளிதில் சொல்லலாம். உயிரெழுத்துகளின் வலிமை பெரிதும் தாழ்ந்த அதிர்வுகளில் நிற்கிறது. வல்லின மெய்களின் கூர்மையோ உயர்ந்த அதிர்வுகளில். ஆகவே இத்தகையோர்க்கு உயிர் கேட்கும், மெய் நழுவும். 'பாட்டு', 'காட்டு', 'ஆட்டு' மூன்றும் ஒன்றாய் ஒலிக்கும். "பேசுவது கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்பதே அவர்கள் முறையீடு. பழுதுபட்ட ஸ்பீக்கர் முதலில் இழப்பதும் அந்தக் கூர்மையையே. காதும் மங்கல், கூம்பும் மங்கல் என்றால் கேட்பவர் என்ன செய்வார்?

இந்நிலையில் சப்வூஃபர் எதற்கு? அது ஏறத்தாழ நொடிக்கு 100 அதிர்வுக்குக் கீழுள்ள முழக்கத்தைத் தருவதற்கென்றே செய்யப்பட்டது. திருவிழாச் செண்டை அதிரலாம். மனிதர் பேசும் சொல் அங்கே இல்லை. தாழ்ந்த முழக்கம் மிகும்போது மெல்லிய உயர்ந்த ஒலிகளை அது மூடியும் விடுகிறது. பெரியவருக்கு வேண்டியது தெளிவு. கடைக்காரர் விற்க இருந்தது பலம். (நம் கோவில்களிலும் இதே நோய் உண்டு. மறையுரை விளங்கவில்லை என்றால் இன்னும் இரண்டு கூம்புக் குழாய் வாங்கிக் கட்டுகிறோம். முன்பு சுவருக்கு மட்டும் விளங்காதிருந்தது, இப்போது தெருவுக்கும் விளங்குவதில்லை.)

பலத்தைப்பற்றிப் பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். '50 வாட்ஸ் வீதம் நான்கு' என்று எழுதியிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது கார் மின்சாரம் ஏறத்தாழ 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கரின் தடை பொதுவாக 4 ஓம். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத செட்டு இந்த 14.4 வோல்ட்டைக் கொண்டே வேலை செய்தாக வேண்டும். 14.4-ஐ அதனாலேயே பெருக்கி 8-ஆல் வகுத்தால் வருவது ஏறக்குறைய 26 வாட்ஸ். சிதைவில்லாத ஓசைக்கு ஏட்டளவில் அதுவே எல்லை. நடைமுறையில் 20-க்குள் நின்றுவிடும். மற்றதெல்லாம் கணநேர உச்சத்தை எழுதும் வணிகக் கணக்கு. குடும்பக் காருக்கு அந்த 20 வாட்ஸே தாராளம். மேலும், பலத்தை இருமடங்கு ஆக்கினாலும் ஓசை 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சிறு ஏற்றமே. அந்த ஏற்றத்தை ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே பெறலாம். ஸ்பீக்கர் அட்டையில் 'சென்சிடிவிட்டி' என்று ஓர் எண் இருக்கும். 87 என்றிருப்பதை விட்டு 90 என்றிருப்பதை வாங்கினால் அதே 3 டெசிபல் கிடைத்துவிடும். 'மேக்ஸ் 300 வாட்ஸ்' என்று தங்க எழுத்தில் மின்னுவதை விட்டுவிட்டு இந்தச் சிறிய எண்ணைத் தேடிப் படியுங்கள்.

ஆகவே என் ஆலோசனை இது: முன்கதவு இரண்டுக்கும் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, முதற் செலவு. பெரிய கூம்பின் நடுவிலேயே உயர்ந்த ஒலிக்கான சிறு டிவீட்டர் அமைந்திருக்கும் 'கோஆக்சியல்' வகை போதும். டிவீட்டரைத் தனியே கழற்றிக் கண்ணாடியருகே பொருத்தும் 'காம்பொனென்ட்' வகை இன்னும் தெளிவு, விலையும் மேல். வளையம் ரப்பரால் ஆனதா என்று பாருங்கள். சாதாரணக் குடும்பத்திற்கு ஏற்ற ஜோடி இன்று இரண்டாயிரம் முதல் நாலாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்குமுன் கதவைத் திறந்து துளையின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்துகொள்ள வேண்டும். காந்தம் பெரிதாயிருந்து ஆழம் போதாவிட்டால், கண்ணாடியை இறக்கும்போது அது காந்தத்தில் வந்து முட்டும்.

பின் ஸ்பீக்கர்களை அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை. முன்னவை சரியானபின் ஃபேடரைச் சற்றுப் பின்னே தள்ளிப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

கடையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடாமல் அருகிலேயே நிற்பது நலம். கதவின் உட்பலகையைக் கழற்றியதும் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மழைநீர் கதவுக்குள்ளேயே வழிந்து வெளியேறும்படி காப்பது அதுவே. அவசரக்காரர் கிழித்து எறிந்துவிடுவார்; ஐப்பசியில் உங்கள் கால்மிதி நனைந்தபின்தான் தெரியும். அதை மீண்டும் ஒட்டச் சொல்லுங்கள். கதவின் தகரம் ஸ்பீக்கரோடு சேர்ந்து அதிராதிருக்க, பியூட்டைல் ரப்பர் தாளை வெளித்தகரத்தின் உட்புறம் ஒட்டலாம். கதவை முழுவதும் மூட வேண்டியதில்லை, பாதி ஒட்டினாலே வேறுபாடு தெரியும். ஆனால் கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை அடைத்துவிடாதபடி பாருங்கள். அடைத்தால் நீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும். கதவோரத்து ரப்பர் பீடிங் வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். பழைய சிறு கார் நெடுஞ்சாலையில் விரையும்போது உள்ளிரைச்சலே 70 டெசிபலைத் தாண்டும். இரைச்சல் குறைந்தால் அந்த அளவுக்குப் பாட்டின் ஒலியையும் குறைத்து வைக்கலாமே.

ஸ்பீக்கரின் கூட்டல் கழித்தல் முனைகளை இடம் வலம் மாற்றிக் கொடுத்துவிடுவது அடிக்கடி நிகழ்வது. ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். குரல் நடுவில் நிற்காமல் எங்கோ அலையும், தாழ்ந்த ஒலி மறைந்துவிடும். டார்ச் விளக்கின் 1.5 வோல்ட் செல் ஒன்றை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூட்டலோடு கூட்டல் சேர்ந்தால் கூம்பு வெளிப்புறம் அசையும். எல்லாம் முடிந்தபின் செய்தி வாசிப்பவர் டேஷ்போர்டின் நடுவே அமர்ந்து பேசுவதுபோல் கேட்டால் வேலை சரி.

கம்பி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். வண்டியோடு வந்த கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, கம்பிகளை முறுக்கி டேப் சுற்றுவது எங்கும் காணும் பழக்கம். வெயிலில் அந்த டேப்பின் பசை இளகி, கம்பி வெளியே எட்டிப் பார்க்கும். காரின் உடல் முழுவதும் பேட்டரியின் கழித்தல் முனையாகும். திறந்த கம்பி எந்தத் தகரத்தைத் தொட்டாலும் குறுக்கிணைப்புத்தான். உங்கள் வண்டிக்கேற்ற இணைப்புக் கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் ஒரு பக்கம் வண்டியின் கம்பிக்கும் மறுபக்கம் புதிய செட்டுக்கும் பொருந்தும். ஒரு கம்பியையும் வெட்ட வேண்டாம். பெரும்பாலான புதிய செட்டுகளில் மஞ்சள் எப்போதும் மின்சாரம் வருவது, சிவப்பு சாவி திருப்பினால் வருவது, கறுப்பு எர்த். மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிக் கொடுத்தால், ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் செட்டு நிலையங்களையெல்லாம் மறந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பேட்டரிக்கே கொடுத்துவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. காற்றுப்பை உள்ள வண்டியானால், மஞ்சள் உறையிட்ட கம்பிகளும் மஞ்சள் கப்ளர்களும் ஸ்டியரிங் அருகே காணப்படும். அவை ஸ்டீரியோக்காரர் தொடுவதற்குரியவை அல்ல.

என் சொல்லையும் மீறி ஆம்ப்ளிஃபயர் வைப்பவர்கள் இரண்டைமட்டுமாவது காக்க வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பியில் பியூஸ், பேட்டரிக்கு அருகிலேயே, அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் அருகில் உள்ள பியூஸ் அந்தக் கருவியைக் காக்குமேயன்றி, இடையிலுள்ள நாலு மீட்டர் கம்பியைக் காக்காது. எஞ்சின் அறையின் தகரத்தைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையமும் வேண்டும். அங்கே தகர விளிம்பு கம்பியின் உறையை நாள்தோறும் சிறிது சிறிதாய் அறுக்கும். ஒருநாள் அறுந்துவிட்டால், பியூஸ் இல்லாத கம்பி அடுப்புக்கம்பிபோல் சிவந்துவிடும். குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டி அது.

நிற்க. பெரியவர் பழைய செட்டைத் தொடவிடாததன் காரணம் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. திருப்பலி முடிந்து தனியே கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அவ குரல் ஒரு கேசட்டுல இருக்கு, சாமி" என்றார். பாடகற்குழுவில் பாடிய அந்த அம்மையார், 1996-இல் மகளுக்கு ஒரு பாட்டைக் கற்றுக்கொடுக்கும்போது வீட்டு டூ இன் ஒன்னில் பதிவானது. டூ இன் ஒன் என்றோ பழுதாகிப் போய்விட்டது. கேசட்டைப் போட்டுக் கேட்கக்கூடிய கருவி அவருக்குத் தெரிந்தவரை இந்தக் காரில் மட்டுமே இருந்தது. ஞாயிறன்று போட்டுக் கேட்கலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்திருக்கிறார்.

"வேண்டாம், அதில் போடாதீர்கள்" என்று உடனே தடுத்தேன். இருபது ஆண்டு ஓடிய கேசட் கருவியில், நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை இறுகிப் பளபளத்துப் போயிருக்கும். நாடாவைச் சீராய் இழுக்காமல் தன்னைச் சுற்றியே சுருட்டி மென்றுவிடும். நாலு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள அந்த நாடா ஒருமுறை கசங்கினால் கசங்கியதுதான். உலகில் ஒரே பிரதியாக உள்ள குரலை அந்த வாயில் ஊட்டலாமா?

இதே நிலையில் உள்ள வாசகர்கள் இருப்பார்கள் என்பதால் செய்தவற்றைச் சொல்லுகிறேன். கன்னியர் மடத்தில் நல்ல நிலையில் ஒரு கேசட் கருவி இருந்தது. அதன் ஹெட்டையும் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தோம். முதலில் வேண்டாத ஒரு கேசட்டைப் போட்டு, மெல்லாமல் ஓடுகிறதா என்று பார்த்தோம். பெரியவரின் கேசட்டில், நாடாவை ஹெட்டோடு அணைக்கும் சிறு பஞ்சுத் துண்டு ஒட்டு விட்டுக் கழன்று கிடந்தது. அதை ஒட்டி உலரவைத்தோம். நெடுநாள் சுற்றிக் கிடந்த நாடா ஒன்றோடொன்று பற்றியிருக்கும். ஆதலால் ஒரு கோடி முதல் மறுகோடி வரை ஒருமுறை சுற்றித் திரும்பச் சுற்றினோம். பிறகு கருவியின் காதொலிக் குழியிலிருந்து ஒரு கம்பி கணினிக்கு. 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு அரைமணி. இடையில் நிறுத்தாமல் முழுவதும் பதிவு செய்தோம். மங்கலாய்க் கேட்டபோது ஹெட்டின் பக்கத்திலுள்ள திருகை இம்மியளவு திருப்பினோம். குரல் தெளிந்தது. கோப்பை மூன்று இடங்களில் சேமித்தோம்: மகனின் கணினி, மகளின் கணினி, ஒரு பென் டிரைவ்.

அதன்பின் பழைய செட்டைக் கழற்றப் பெரியவரே சம்மதித்தார். செட்டு உட்காரும் குழியின் அளவு 180-க்கு 50 மில்லிமீட்டர்; கார்த் தொழிலில் 'சிங்கிள் டின்' என்பார்கள். அதே அளவில், பென் டிரைவும் ப்ளூடூத்தும் ஏற்கும் எளிய செட்டு ஒன்று, முன்கதவு ஸ்பீக்கர் ஒரு ஜோடி, கப்ளர், ரப்பர் தாள், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரத்தைச் சற்றுத் தாண்டியது. திரை கேட்கவில்லை என்று கடைக்காரருக்கு வருத்தம். எனக்கு அதில் வருத்தமில்லை. ஓட்டுகிறவர் கண்முன்னே படம் ஓடும் வண்டியில் ஏற எனக்கே அச்சம்.

ஸ்பீக்கர் மாறியபின் பெரியவர் சொற்களைப் பெரும்பாலும் பிடித்துவிடுகிறார். முழுவதும் அல்ல. ஆகவே, மிச்சப்பட்ட பணத்தில் முதற்காரியமாகக் காது மருத்துவரிடம் செவித்திறன் சோதனைக்கு அழைத்துப் போகச் சொன்னேன். காதுக்கருவி பொருத்தியிருக்கிறார்கள், பழக இன்னும் சில வாரம் ஆகும். வீட்டில் தொலைக்காட்சியை உரக்க வைக்கும் முதியவர் இருந்தால் நீங்களும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, பெரியவர்கள் கேட்கத்தக்க அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் வாரத்துக்கு ஐந்து மணிதான். பின்னிருக்கையில் குழந்தை இருந்தால் 80-க்குப் பதில் 75 என்று கொள்ளுங்கள். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள், பக்கத்தில் அமர்ந்தவரோடு கத்தாமல் பேச முடியவில்லை என்றால் அளவு மீறிவிட்டது. பின்னால் வரும் ஆம்புலன்ஸும் உங்களுக்குக் கேட்காது.

திருப்பீடத்தில் புலம்பெயர்வோருக்கான மேய்ப்புப்பணி அவை 2007-இல் சாலைப் பயணத்தைக் குறித்து ஒரு வழிகாட்டு ஏடு வெளியிட்டது. ஓட்டுநருக்கான பத்துக் கட்டளைகள் என்று பத்திரிகைகள் எழுதியது அதைப்பற்றித்தான். காரில் அனைவரும் சேர்ந்து சொல்லச் செபமாலை ஏற்றது, அதன் சீரான நடை ஓட்டுநரின் கவனத்தைக் கலைக்காது என்ற கருத்தும் அதில் உண்டு. ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு எல்லாரும் உறங்குவதை அது சொல்லவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். ஒலிப்பதிவு வழிநடத்தட்டும், மறுமொழியை நீங்களே சொல்லுங்கள். அதற்கு ஒலியளவு உங்கள் குரலுக்குக் கீழே இருந்தாக வேண்டும்.

பதினைந்து ஆண்டைத் தாண்டிய வண்டிக்குப் பதிவுப் புதுப்பிப்பும் தகுதிச் சான்றும் உண்டு. டயரும் பிரேக்கும் அதற்கு முன்னே நிற்க வேண்டிய செலவுகள். அவை முடிந்தபின் ஸ்டீரியோவைப்பற்றி யோசிக்கலாம்.

கழற்றிய பழைய செட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கம்பியை வெட்டாமல் கப்ளர் வழியாகப் பொருத்தியிருந்தால், வண்டியை விற்கும் நாளில் பழையதை மாட்டிக்கொடுத்துவிட்டுப் புதியதை அடுத்த வண்டிக்குக் கொண்டுபோகலாம். அதன் திருகுகளை ஒரு சிறு உறையில் இட்டுச் செட்டோடு கட்டிவையுங்கள். பிறகு கடை கடையாய்த் தேடினாலும் அந்த அளவுத் திருகு கிடைப்பது கடினம்.